சினைமாட்டுக்குக் கால்சியம் கூட்டினால் பால் காய்ச்சல் வராதா?

மார்ச் 2, காலை 7:40
கேள்வி: கன்று போட்ட மறுநாள் மாடு படுத்துவிடுகிறது, பால் காய்ச்சல் என்கிறார்கள். கால்சியம் பாட்டில் ஏற்றினால் எழுந்துவிடுகிறது. அப்படியென்றால் சுண்ணாம்புச் சத்துக் குறைவுதானே? ஈனுவதற்கு மூன்று வாரம் முன்பிருந்தே சுண்ணாம்புத் தூளும் தாது உப்பும் கூட்டிக் கொடுத்தால் முடிந்தது. இதற்கு எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி, சிறுநீர் பார்ப்பது எல்லாம்?

மார்ச் 2, காலை 9:15
முடியாது. குறைவது ரத்தத்தில், தீவனத்தில் அல்ல. 600 கிலோ மாட்டின் எலும்புக்குள் 7, 8 கிலோ கால்சியம் கிடக்கிறது. ரத்த நீரில் ஓடுவது ஏறக்குறைய 3 கிராம். ஒரு கிலோ சீம்பாலில் 2.3 கிராம் அளவுக்குக் கால்சியம் போகிறது. முதல் கறவையில் 10 கிலோ சீம்பால் என்றால் 23 கிராம். ரத்தத்தில் இருப்பதைப்போல ஏழெட்டு மடங்கு ஒரே கறவையில் மடி வழியே வெளியேறுகிறது. கிடங்கு நிறைய இருக்கிறது, கதவு திறக்க மறுக்கிறது, அவ்வளவுதான் சங்கதி.

கதவைத் திறப்பது பாராதைராய்டு ஹார்மோன். ரத்தக் கால்சியம் இறங்கியதும் அது சுரந்து, எலும்பிலிருந்து கால்சியத்தை இழுக்கும், சிறுநீரில் போவதைத் தடுக்கும், வைட்டமின் டியைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றிக் குடல் உறிஞ்சுவதைக் கூட்டும். குடல் முழுவேகத்துக்கு வர ஒரு நாள் ஆகும், எலும்புக்கு இரண்டு நாள். வற்றுக்காலத்தில், அதாவது ஈனும் முன் கறவையை நிறுத்திய நாட்களில், கால்சியத்தை வாரிக் கொட்டினால் இந்த ஏற்பாடு தூங்கிப்போகும். ஈன்ற அன்று எழுப்பினால் உடனே எழாது.

மார்ச் 2, மதியம் 1:05
மேலே சொன்னது பாதிதான். அதை மட்டும் படித்துவிட்டு யாராவது கால்சியத்தை வெட்டப் போகிறீர்கள், நில்லுங்கள்.

குறைந்த கால்சியம் கொடுத்து ஹார்மோனை முன்கூட்டியே விழிக்கவைக்கும் முறை பழையது, வேலையும் செய்யும். ஆனால் அதற்கு நாளொன்றுக்கு 20 கிராமுக்கும் கீழே போகவேண்டும். 12 கிலோ உலர்பொருள் (ஈரத்தைக் கழித்த தீவன எடை) தின்னும் மாட்டுக்கு அது தீவனத்தில் 0.17% கால்சியம். சாதாரணப் புல்லே 0.4, 0.5% வைத்திருக்கும். அதாவது 50, 60 கிராம் தானாக உள்ளே போகிறது. தாது உப்பை நிறுத்திவிட்டு "குறைத்துவிட்டேன்" என்று நினைத்தால் 90இலிருந்து 60க்கு வந்திருப்பீர்கள். அந்த எல்லையில் ஒரு பயனும் கிடையாது.

இரண்டாவது பாதி பொட்டாசியம். அதுதான் பெரிய பாதி.

மார்ச் 2, இரவு 8:30
பொட்டாசியம் ஏன் என்று கேட்டவருக்கு:

தின்னும் பொட்டாசியமும் சோடியமும் ஏறக்குறைய முழுக்க ரத்தத்துக்குள் போய்விடும். இரண்டும் நேர் மின்னூட்டம் உள்ளவை. அந்தச் சமநிலையைக் காக்க உடம்பு ஹைட்ரஜன் அயனியைக் குறைக்கிறது, ரத்தம் சற்றே காரப் பக்கம் சாய்கிறது. சாய்ந்ததும், எலும்பிலும் சிறுநீரகத்திலும் பாராதைராய்டு ஹார்மோன் போய் உட்காரும் ஏற்பி சரியாகப் பிடிப்பதில்லை. ஹார்மோன் நிறையச் சுரந்திருக்கும், கேட்பவர்தான் இல்லை. குளோரைடும் சல்பேட்டும் எதிர் மின்னூட்டம், அவை ரத்தத்தை மறுபக்கம் தள்ளும்.

இதை முதலில் பிடித்தது நார்வேயில் எண்டர், டிஷிங்டன் குழு, 1960களில். கனிம அமிலம் ஊற்றிப் பதப்படுத்திய ஊறுகாய்ப்புல் (சைலேஜ்) தின்ற மாடுகளுக்குக் காய்ச்சல் குறைவாக வந்ததிலிருந்து நூல் பிடித்துப் போனார்கள். 1984இல் கனடாவில் எலியட் பிளாக் ஒரே மந்தையில் இரு தீவனம் கொடுத்துப் பார்த்தார். நேர் அயனி மிகுந்த தீவனத்தில் 47% மாடுகளுக்குப் பால் காய்ச்சல், எதிர் அயனி மிகுந்ததில் ஒன்றுக்கும் இல்லை. 1997இல் அமெரிக்காவில் காஃபும் ஹோர்ஸ்ட்டும் ஜெர்சி மாடுகளில் பொட்டாசியத்தை 1.1, 2.1, 3.1% என்று படிப்படியாக வைத்துச் சோதித்தார்கள். கால்சியத்தை 0.5% வைத்தாலும் 1.5% வைத்தாலும் காய்ச்சலை முடிவுசெய்தது அது அல்ல, பொட்டாசியமும் சோடியமும்தான் என்று வந்தது. முதல் கேள்விக்கு நேரடி விடை அந்த ஆய்வு.

மார்ச் 3, காலை 6:50
கணக்கு கேட்டிருக்கிறீர்கள். டிசிஏடி, அதாவது தீவனத்தின் நேர், எதிர் அயனி வித்தியாசம், என்று எல்லோரும் சொல்வது இதுதான்: சோடியம், பொட்டாசியம் கூட்டல், அதிலிருந்து குளோரைடு, கந்தகம் கழித்தல். எல்லாம் உலர்பொருளில் சதவீதமாக எடுத்துக்கொள்ளுங்கள். சோடியத்தை 435ஆலும், பொட்டாசியத்தை 256ஆலும், குளோரைடை 282ஆலும், கந்தகத்தை 624ஆலும் பெருக்கினால் கிலோவுக்கு இத்தனை மில்லி ஈக்குவலன்ட் (மின்னூட்டத்தை எண்ணும் அலகு) என்று வரும்.

ஒரு மாதிரி. பொட்டாசியம் 1.6, சோடியம் 0.12, குளோரைடு 0.45, கந்தகம் 0.22 என்று வைப்போம்.
பொட்டாசியம் 410 + சோடியம் 52 = 462.
குளோரைடு 127 + கந்தகம் 137 = 264.
வித்தியாசம் +198.

இலக்கு −50 முதல் −150 வரை. −100 என்று வைத்தால் கிலோவுக்கு 298 இறக்கவேண்டும், 12 கிலோவுக்கு நாளொன்றில் ஏறக்குறைய 3,575. இவ்வளவையும் குளோரைடு, சல்பேட் உப்பால் இறக்க முயலாதீர்கள். கிலோவுக்கு 300ஐ நெருங்கினாலே மாடு தீவனத்தை முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். ஈனும் முன் தீனி குறைவதைவிட மோசமான காரியம் கிடையாது, கல்லீரலில் கொழுப்பு ஏறும்.

முதலில் பொட்டாசியத்தை இறக்குங்கள். இளம்புல்லின் இடத்தில் பாதியை வைக்கோலோ முற்றிய உலர்புல்லோ மக்காச்சோள ஊறுகாய்ப்புல்லோ எடுத்துக்கொண்டால் 1.2%க்கு வரலாம். இப்போது 307 + 52 − 264 = +95. −100க்கு 195 இறக்கினால் போதும், 12 கிலோவுக்கு 2,340.

அம்மோனியம் குளோரைடு 100 கிராம்: 1,870. எப்சம் உப்பு, அதாவது நீர் கோத்த மெக்னீசியம் சல்பேட், 60 கிராம்: 487. மொத்தம் 2,357. முடிந்தது.

மார்ச் 3, காலை 11:20
"முடிந்தது" என்றதும் ஒருவர் சரியாகப் பிடித்தார்: கந்தகத்துக்கும் குளோரைடுக்கும் ஒரே வலு என்று கணக்குப் போடலாமா என்று. கூடாதுதான். சல்பேட் குடலில் முழுக்க உறிஞ்சப்படுவதில்லை. ரத்தத்தை அமிலப்படுத்துவதில் குளோரைடின் 60% வலுதான் அதற்கு. அந்த 487ஐ 290 என்று எடுத்தால் நியாயம். அதேபோல் பழைய தீவனத்தின் 137ஐயும் குறைத்துப் போடவேண்டும், அப்போது தொடக்கமே +95 அல்ல, +150. நான்கு தாதுக்களின் சமன்பாடு வழிகாட்டும், தீர்ப்பு சொல்லாது. தீர்ப்பு சிறுநீரில்தான், ரத்தம் அமிலப் பக்கம் சாய்ந்ததா என்பது அங்கே தெரியும்.

கால்சியம், மெக்னீசியம், பாஸ்பரஸையும் சேர்த்த நீளமான சமன்பாடுகள் உண்டு. அவை சிறு பகுதிதான் உறிஞ்சப்படுவதால் அன்றாடத்துக்கு நான்கே போதும்.

மார்ச் 3, மாலை 5:45
சிறுநீர் பார்ப்பது எப்படி:

உப்பு தொடங்கி 48 மணிநேரம் கழிந்த மாடுகளை மட்டும் எடுக்கவேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே நேரம், தீவனம் போட்ட பின் ஒரே இடைவெளி. பெண்குறிக்குக் கீழே உள்ளங்கையால் மெல்லத் தேய்த்தால் பெரும்பாலும் ஒரு நிமிடத்தில் பெய்யும். முதல் பீச்சலை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள், சாணம் கலந்தால் கொட்டிவிடுங்கள். பிஎச், அதாவது அமில-கார அளவு, பார்க்கத் தாள் பட்டை என்றால் 5 முதல் 8 வரை சிறு படிகளில் நிறம் காட்டுவது வேண்டும். 1 முதல் 14 வரை காட்டும் பட்டையில் 6க்கும் 7க்கும் நடுவே கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கவேண்டியதுதான். மின்கருவி என்றால் 4, 7 கரைசல்களில் சரிபார்த்த பிறகே.

எதுவும் கொடுக்காத மாட்டின் பிஎச் 8 அல்லது அதற்கு மேல். உப்பு தின்னும்போது இலக்கு ஹோல்ஸ்டீனுக்கு 6.0 முதல் 6.8, ஜெர்சிக்கு அதிலும் சற்றுக் கீழே. 7க்கு மேல் என்றால் உப்பு போதவில்லை. 5.5க்குக் கீழே என்றால் அதிகம், சிறுநீரகம் கைவிட்டுவிட்டது, தீனி குறையும், உடனே இறக்குங்கள். வாரம் ஒருமுறை, குறைந்தது ஆறு மாடு.

சராசரியை எழுதிவைக்காதீர்கள். நான்கு மாடு 5.4, நான்கு மாடு 7.9 என்றால் சராசரி அழகாக 6.65 வரும், ஒரு மாடுகூட அங்கே இருக்காது. அப்படிப் பிளந்து வந்தால் கணக்கில் குறையில்லை. வைக்கோல் நீளமாக இருந்து மாடு பொறுக்கித் தின்கிறது, அல்லது தொட்டியில் இடம் போதாமல் கிடாரிகளைப் பெரிய மாடு தள்ளுகிறது. வைக்கோலை விரல் நீளத்துக்கும் குறைவாக நறுக்கி, தீவனம் காய்ந்து கிடந்தால் தண்ணீர் தெளித்துக் கலக்கிப் பாருங்கள். தொட்டியில் தலைக்கு 75 செ.மீ. இடம் இருக்கட்டும்.

மார்ச் 4, காலை 7:00
எல்லாம் சரியாகப் போட்டும் பிஎச் 7.6இல் நிற்கிறது என்று எழுதியவருக்கு. வற்றிய மாட்டுக்கும் கறவை மாட்டின் கலவையையே அள்ளிப் போடுகிறீர்களா? அதில் சோடா உப்பு இருக்கும். 100 கிராம் சோடா உப்பு 1,190 மில்லி ஈக்குவலன்ட். மேலே போட்ட 2,357இல் பாதி காலி. ஒரு கையால் போட்டதை மறுகை அள்ளுகிறது.

அடுத்த சந்தேகம் மொலாசஸ். கசப்பை மறைக்க ஊற்றுவார்கள், அதில் பொட்டாசியம் ஏராளம். சோயா புண்ணாக்கிலும் 2%க்கு மேல். தடை ஒன்றுமில்லை, கணக்கில் சேர்த்தால் போதும்.

மூன்றாவது, ஆய்வகத் தாள். புல்லின் தாதுக்களை ஒளிக்கற்றைக் கருவியில் படித்துத் தந்திருந்தால் அந்த எண்ணை நம்பாதீர்கள். அந்தக் கருவி நார்ச்சத்துக்கும் புரதத்துக்கும் நல்லது, பொட்டாசியத்துக்கு ரசாயனமுறைப் பகுப்பாய்வே வேண்டும். சாணக்கரைசல் பாய்ச்சிய வயலின் புல் 3%ஐத் தாண்டும், பாய்ச்சாத வயலின் புல் பாதியில் நிற்கும். இரண்டும் பார்க்க ஒரே பச்சை.

மார்ச் 4, காலை 9:30
சாப்பாட்டு உப்பை நிறுத்தவேண்டுமா? டிசிஏடி கணக்கில் அது ஏறக்குறைய நடுநிலை. மடியில் நீர் கோக்கும் என்பதற்காகக் குறைப்பார்கள், அது வேறு காரணம்.

மார்ச் 5, மதியம் 2:10
மெக்னீசியத்தை யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும்.

பாராதைராய்டு ஹார்மோன் சுரக்கவும் வேண்டும், வந்த செய்தியைச் செல் ஏற்கவும் வேண்டும், இரண்டுக்கும் மெக்னீசியம் தேவை. மாடு மெக்னீசியத்தைச் சேமித்து வைப்பதில்லை, அன்றன்று தின்பதுதான். உறிஞ்சும் இடம் முதல் இரைப்பையின் சுவர். பொட்டாசியம் அங்கேயும் குறுக்கே நிற்கும். ஆகவே ஈனும் முன் தீவனத்தில் 0.4 முதல் 0.45% வைக்கச் சொல்கிறார்கள்.

தாளில் 0.45% இருப்பதும் மாட்டுக்குக் கிடைப்பதும் ஒன்றல்ல. மெக்னீசியம் ஆக்சைடு பருமணலாக இருந்தாலோ சூளையில் அதிகமாகச் சுடப்பட்டிருந்தாலோ கரையாமல் சாணத்தோடு வந்துவிடும். வீட்டிலேயே பார்க்கலாம். மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் 3 கிராம் ஆக்சைடு, அதில் 5% வெள்ளை வினிகர் 40 மி.லி. மெதுவாக ஊற்றவும், பொங்கினால் அடங்கவிடவும். மூடி 15 விநாடி குலுக்கி, 30 நிமிடம் கழித்து பிஎச் பார்க்கவும். நல்ல சரக்கு 8ஐத் தொடும், உதவாதது 4க்குப் பக்கத்திலேயே கிடக்கும். பிஎச் அளவுகோலில் ஒரு எண் ஏறுவது பத்து மடங்கு என்பதை மறக்கவேண்டாம். சுண்ணாம்புத் தூளைக் கலந்து விற்ற சரக்கு நுரைத்துக்கொண்டு பொங்கும், அதுவும் தெரிந்துவிடும்.

மார்ச் 5, மதியம் 2:40
இறைச்சி மாடு வளர்ப்பவர் ஒருவர் தனக்குப் பால் காய்ச்சல் பிரச்சினையே இல்லை என்கிறார். இருக்காது, கன்று குடிக்கும் அளவுதான் பால். உங்களுக்கு வருவது புல் வலிப்பு. வேகமாகத் தழைக்கும் இளம்புல்லில் கன்றோடு மேயும் மாடு திடீரென்று விறைத்து, நடுங்கி, துள்ளி விழும். காரணம் இதே பொட்டாசியமும் மெக்னீசியமும். புல்லில் பொட்டாசியத்தை, கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்த கூட்டலால் வகுங்கள், மூன்றையும் ஈக்குவலன்ட்டில் எடுத்து. 2.2க்கு மேல் போனால் அந்த வயல் ஆபத்து. மெக்னீசியம் ஆக்சைடை உப்போடு கலந்து வைப்பார்கள். தனியாக வைத்தால் மாடு நக்காது, மண்ணைத் தின்பதுபோல் இருக்கும். புல் வளரும் முன்பே தொடங்கவேண்டும், சேமிப்புக் கிடையாது என்று மேலே சொன்னேன்.

மார்ச் 7, இரவு 9:15
சிகிச்சை பற்றி மூன்று பேர் ஒரே கேள்வி.

படுத்த மாட்டுக்கும் நிற்கும் மாட்டுக்கும் வைத்தியம் வேறு. கழுத்தை விலாப்பக்கம் மடித்துக்கொண்டு, காது குளிர்ந்து, மூக்கு காய்ந்து படுத்திருந்தால் ரத்தக் குழாயில் ஏற்றவேண்டும், அது கால்நடை மருத்துவர் வேலை. 23% கால்சியம் போரோகுளுகோனேட் 500 மி.லி. பாட்டிலில் ஏறக்குறைய 10.7 கிராம் கால்சியம். நிமிடத்துக்கு 1 கிராம் வேகம் என்றால் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகவேண்டும், இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே. பாட்டிலை உயர்த்திப் பிடித்து மூன்று நிமிடத்தில் இறக்கினால் இதயம் நின்றுவிடலாம். மருத்துவர் வரும்வரை பக்கவாட்டில் சாய்ந்த மாட்டை நெஞ்சின்மேல் நிமிர்த்தி வைக்கோல் மூட்டை அணைகொடுங்கள், இல்லாவிட்டால் வயிறு உப்பும்.

நிற்கும் மாட்டுக்கு, "எதற்கும் ஒரு பாட்டில்" என்று ஏற்றுவது கெடுதல். ரத்தக் கால்சியம் மளமளவென்று ஏறும், உடம்பு தன் ஹார்மோனை நிறுத்திவிடும், ஒரு நாள் கழித்து அந்தக் கால்சியம் ஏற்றாத மாட்டின் அளவைவிடக் கீழே இறங்கும். நிற்பவற்றுக்கு வாய்வழிக் கால்சியம் குளிகை, ஈன்றவுடன் ஒன்று, 12 மணிநேரம் கழித்து ஒன்று. விழுங்கும் நிலையில் இல்லாத மாட்டின் வாயில் எதையும் திணிக்கவேண்டாம், நுரையீரலுக்குப் போகும். கால்சியம் குளோரைடைக் கரைத்து ஊற்றினால் தொண்டை புண்ணாகும்.

மார்ச் 8, காலை 8:00
நேற்றையதில் ஒரு திருத்தம்: வாய்வழிக் குளிகை "நிற்பவை எல்லாவற்றுக்கும்" என்று படித்திருப்பீர்கள். அப்படி வேண்டியதில்லை. மூன்றாம் ஈத்து தாண்டியவை, முன்பு படுத்தவை, நொண்டுபவை, அதிகம் கறப்பவை, இவற்றுக்குத்தான் பயன் தெரிகிறது. முதல் ஈத்துக் கிடாரிக்குத் தேவையில்லை.

மார்ச் 8, காலை 10:25
படுக்காத மாடுகளிலும் கால்சியம் இறங்கியிருக்கும் என்பதற்கு அமெரிக்காவில் 2011இல் வெளியான கணக்கெடுப்பு: 100 மி.லி. ரத்தத்தில் 8 மி.கி.க்குக் கீழே இருந்தவை முதல் ஈத்தில் 25%, இரண்டில் 41%, மூன்றில் 49%. வெளியே ஒன்றும் தெரியாது. நஞ்சுக்கொடி தங்கும், கருப்பை அழற்சி, மடிநோய், நான்காம் இரைப்பை இடம் பெயர்வது என்று வேறு பெயர்களில் வந்து நிற்கும். தசையும் நோயெதிர்ப்புச் செல்லும் கால்சியத்தில்தான் ஓடுகின்றன.

ஆனால் 2020இல் வந்த ஆய்வு இதைக் கொஞ்சம் புரட்டிவிட்டது. முதல் நாள் இறங்கி நான்காம் நாளுக்குள் மீண்ட மாடுகள்தாம் அதிகம் கறந்தன. முதல் நாள் நன்றாக இருந்து நான்காம் நாள் இறங்கியவை, மீளாமலே இருந்தவை, இவைதான் நோய்ப்பட்டன. ஆகவே ஈன்ற அன்று ரத்தம் எடுத்துவிட்டுப் பதறுவதில் பொருள் குறைவு. நான்காம் நாள் பாருங்கள், அதைவிட நான்கு நாளும் தீனித் தொட்டியைப் பாருங்கள். என் கருத்தில் பின்னால் இறங்கும் மாடுகளில் கால்சியம் விளைவு, தின்னாததுதான் காரணம். இதில் எல்லோரும் ஒத்துப்போவதில்லை.

மார்ச் 10, மாலை 6:30
சியோலைட் பற்றி: சியோலைட் என்னும் செயற்கைக் கனிமத் தூள் நாளுக்கு 500 கிராம், ஈனும் முன் இரண்டு மூன்று வாரம். குடலில் கால்சியத்தையும் பாஸ்பரஸையும் கட்டிப்போடும். அந்த 20 கிராமுக்குக் கீழே போகும் பழைய முறையின் மறுபிறவி என்றும் சொல்லலாம், பாஸ்பரஸ் இறங்குவதால் வைட்டமின் டி செயல்படுவதும் கூடுகிறது. ரத்தக் கால்சியம் நன்றாகவே நிற்கிறது. சிறுநீர் பிஎச் மாறாது, ஆகவே பட்டையை வைத்துக்கொண்டு தேடவேண்டாம். மாடு தின்கிறதா என்பதை மட்டும் கண்காணிக்கவும், தூசி பறந்தால் தின்னாது, ஈரக் கலவையில் போடவும். இதையும் எதிர் அயனி உப்பையும் ஒன்றாகக் கொடுப்பது வீண்.

வைட்டமின் டி ஊசியைப் பரிந்துரைத்தவருக்கு: ஈனும் நாளைச் சரியாகச் சொல்லும் மாடு இருந்தால் போடலாம். இரண்டு முதல் எட்டு நாள் முன்பு என்ற இடைவெளி தவறினால் பலன் இல்லை, திரும்பத் திரும்பப் போட்டால் விஷம்.

மார்ச் 12, காலை 7:20
கடைசியாகக் கேட்ட இரண்டு.

அம்மோனியம் குளோரைடு கலந்த தீவனத்தில் மூக்கைத் துளைக்கும் நெடி: அதோடு சுண்ணாம்போ மெக்னீசியம் ஆக்சைடோ ஈரத்தில் சேர்ந்து அம்மோனியா பிரிகிறது. காரப் பொருளை உலர்ந்த மாவோடும், உப்பை வேறு மாவோடும் தனித்தனியே கலந்து, தொட்டியில் போடும் அன்றே சேருங்கள். கால்சியம் குளோரைடு காற்றில் தண்ணீர் கோத்துக் கட்டியாகும், பையைத் திறந்தால் அந்த வாரமே தீர்த்துவிடவேண்டும்.

ஈன்ற பிறகும் மீதி உப்பைத் தீரும்வரை போடலாமா என்பதற்கு: கூடாது. கறவை மாட்டுக்குத் தேவை +250 முதல் +400, அங்கே சோடா உப்பும் பொட்டாசியமும் நல்லவர்கள். கன்று விழுந்த வேளையே தொட்டி மாறவேண்டும். மீதியை ஈரம் புகாத டப்பாவில் அடுத்த சினைமாட்டுக்கு வையுங்கள், கிடாரிக் கூட்டத்துக்குத் தள்ளாதீர்கள்.